ஏற்றுவது எளிது, இறக்குவது எப்படி? கிரேக்க நகரங்கள் போட்ட கணக்கு

பள்ளிப் புத்தகத்தில் கிரேக்க நகர அரசுகளின் கதை ஒரு ஏணி மாதிரி இருக்கும். முதலில் மன்னர், பிறகு பிரபுக்கள், பிறகு கொடுங்கோலர், கடைசிப் படியில் மக்களாட்சி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்ய வசதியான வரிசைதான். ஆனால் ஒழுங்காக இப்படி ஏறிய நகரம் எது என்று தேடினால் ஏதென்ஸை மட்டும் ஓரளவுக்குக் காட்டலாம். அதுவும் நடுவில் இரண்டு முறை வழுக்கி விழுந்தது. கொரிந்து தனியாள் ஆட்சியை ஒழித்துவிட்டு மறுபடி செல்வர் சிலரின் ஆட்சிக்கே திரும்பியது. சிராகுஸ் சுமார் 60 ஆண்டு மக்களாட்சி நடத்தியபின் கி.மு. 405-ல் முதலாம் டயோனிசியஸிடம் போய்ச் சிக்கியது. ஸ்பார்ட்டா எந்த வரிசையிலும் சேரவே இல்லை.

அதனால் ஏணியை ஓரமாகச் சாத்திவிட்டு வேறு மாதிரி பார்க்கலாம். கி.மு. 594. ஏதென்ஸைச் சுற்றியுள்ள அட்டிகாவில் மலையடிவாரப் புஞ்சையில் பார்லி விதைக்கும் ஒரு சிறு விவசாயியை எடுத்துக்கொள்வோம். அவனைப் போன்றவர்களுக்கு ‘ஹெக்டெமோரோய்’ என்று பெயர். ‘ஆறிலொரு பங்கு’ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. நம் பேச்சில் சொன்னால் வாரக்குடி. வாரம் அளக்க முடியாத வருஷம் கடன் ஏறும். கடனுக்கு ஈடு அவன் உடம்பு, அவன் பிள்ளைகளின் உடம்பு. அப்படிக் கடல் கடந்து விற்கப்பட்டு, தாய்மொழியே மறந்துபோனவர்கள் இருந்தார்கள் என்று சோலன் தன் பாட்டிலேயே எழுதியிருக்கிறார். ஊர் இரண்டாகப் பிளக்கும் நிலைக்கு வந்தபோது, ஏழை பணக்காரர் இரு தரப்பும் சேர்ந்து அந்தச் சோலனைத்தான் ஆர்க்கோனாகவும் நடுவராகவும் உட்கார வைத்தார்கள். ஆர்க்கோன் என்றால் அந்த ஆண்டுக்கு ஊரின் தலைமை அதிகாரி. அக்கம்பக்கத்து நகரங்கள் அதற்குள் பல வழிகளைக் காட்டியிருந்தன. நம் விவசாயிக்கு அவற்றில் எது தோது?

ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டும். அதைக் கிரேத்தா தீவின் திரெரோஸ் என்ற சின்ன ஊரிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அங்கே கி.மு. 650-ஐ ஒட்டிக் கல்லில் வெட்டப்பட்ட ஒரு சட்டம் கிடைத்திருக்கிறது; நம் கைக்கு வந்த கிரேக்கக் கல்வெட்டுச் சட்டங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. அது யார் ஆளலாம் என்றோ, எப்படித் தேர்ந்தெடுப்பது என்றோ பேசவில்லை. ‘கோஸ்மோஸ்’ என்ற தலைமைப் பதவியில் ஒருமுறை இருந்தவர் பத்தாண்டுக்கு மறுபடி அந்தப் பதவிக்கு வரக்கூடாது. மீறி வந்தால் அவர் விதித்த தண்டத்தின் இரட்டிப்பை அவரே கட்ட வேண்டும், அவர் செய்தது எதுவும் செல்லாது. அவ்வளவுதான். ஏறியவர் இறங்குவாரா என்ற கவலைதான் அந்த ஊரை உளியெடுக்க வைத்திருக்கிறது. நானும் ஒவ்வொரு முறையையும் அந்தக் கேள்வியால்தான் உரசிப் பார்க்கிறேன்.

முதல் வழி, இருப்பதை அப்படியே விட்டுவிடுவது. அதாவது நற்குடியினர் ஆட்சி. ஏதென்ஸில் மன்னர் ஒரே நாளில் போகவில்லை. ஆர்க்கோன் பதவி முதலில் ஆயுளுக்கும், பிறகு பத்தாண்டுக்கும், கி.மு. 683-ஐ ஒட்டி ஒரே ஆண்டுக்கும் சுருங்கியது என்பது அவர்கள் சொல்லிக்கொண்ட வரலாறு. ‘மன்னர்’ என்ற பட்டம் சமயச் சடங்குகளைக் கவனிக்கும் ஓர் ஆண்டுப் பதவியாக மிஞ்சியது. ஆக, இறக்கும் வேலை இங்கே முடிந்துவிட்டதே என்று தோன்றும். முடிந்தது, ஆனால் அவர்களுக்குள். பதவி விட்டவர்கள் அரியோபாகஸ் மன்றத்தில் ஆயுள் உறுப்பினர் ஆனார்கள். வருஷா வருஷம் ஆள் மாறினாலும் அதே சில வீடுகள்தான். கொரிந்தில் இது இன்னும் அப்பட்டம்: பாக்கியாத் என்ற ஒரே குலம் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்து நகரத்தையே குடும்பச் சொத்தாக வைத்திருந்தது. வழக்கென்று போனால் சட்டம் தீர்ப்புச் சொல்கிறவரின் நாக்கில் இருந்தது. கி.மு. 621-ல் ஏதென்ஸில் டிராக்கோ என்பவர் அதை எழுதி வைத்தார். கொடூரச் சட்டம் என்ற பெயர் இன்றுவரை அதற்கு நிற்கிறது. எனக்கென்னவோ, நாக்கில் இருந்ததைப் பலகைக்குக் கொண்டுவந்ததற்காக அவரை இவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று படுகிறது. ஆனால் நம் விவசாயியின் கடனை அது ஒரு படி தானியம்கூடக் குறைக்கவில்லை.

இரண்டாவது வழிக்கு வரும்போது நம் மொழிபெயர்ப்பே குறுக்கே நிற்கிறது. ‘கொடுங்கோலன்’ என்று சொல்லிவிட்டால் தீர்ப்பும் சேர்ந்தே வந்துவிடுகிறது. கிரேக்கர்கள் ‘திரானோஸ்’ என்றபோது தொடக்கத்தில் குறித்தது, வழிவழி உரிமை இல்லாமல் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்ட ஒருவரை; நல்லவரா கெட்டவரா என்பது அந்தச் சொல்லில் இல்லை. கி.மு. 657-ஐ ஒட்டிக் கொரிந்தில் பாக்கியாத் குலத்தைத் துரத்திய கிப்சிலஸ் அப்படிப்பட்டவர். தாய் அதே குலம், கால் ஊனம் என்பதால் வெளியே கட்டிக் கொடுக்கப்பட்டவள். முப்பது ஆண்டு ஆண்டபோதும் அவர் மெய்க்காவலர் வைத்துக்கொள்ளவில்லை என்கிறார் அரிஸ்டாட்டில். மெகாராவில் தியஜினிஸ் ஆற்றோரம் மேய்ந்த பணக்காரர்களின் மந்தையை வெட்டிச் சாய்த்து ஏழைகளின் நம்பிக்கையைப் பெற்றார். 594-ல் அட்டிகா விவசாயிகளில் பலர் சோலனிடம் எதிர்பார்த்ததும் இதைத்தான்: நீயே ஆட்சியை எடுத்துக்கொள், நிலத்தைப் பங்கு போடு. சோலன் மறுத்துவிட்டார். மீன் வலைக்குள் வந்தபின்னும் இழுக்கத் தெரியாத முட்டாள் என்று ஊர் பேசியதையும் அவரே பாட்டில் வைத்திருக்கிறார்.

அவர் மறுத்ததை இன்னொருவர் எடுத்துக்கொண்டார். கி.மு. 561-ஐ ஒட்டி பிசிஸ்ட்ரேட்டஸ் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு வந்து, எதிரிகள் அடித்தார்கள் என்று சொல்லித் தடியேந்திய காவலர்களைக் கேட்டு வாங்கி, அவர்களை வைத்தே நகரத்தின் கோட்டைக் குன்றான அக்ரோபோலிஸைப் பிடித்தார். துரத்தினார்கள், நெடிய பெண் ஒருத்தியை ஏதீனா தேவி வேடத்தில் தேரில் நிறுத்தி அவள் அழைத்து வருவதுபோல் திரும்பி வந்தார். மறுபடி துரத்தினார்கள், 546-ல் படையோடு வந்து சாகும்வரை ஆண்டார். இவ்வளவு தில்லுமுல்லுக்குப் பிறகும், ஒரு சிறு விவசாயி அவரைக் குறை சொல்லக் காரணம் தேட வேண்டியிருக்கும். ஏழைக் குடியானவர்களுக்குக் கடன் கொடுத்தார். வழக்குக்காக யாரும் நகரத்துக்கு நடக்க வேண்டாம் என்று ஊர் ஊராகப் போகும் நீதிபதிகளை அனுப்பினார். ஹிமெட்டஸ் மலைப் பக்கம் ஒருவன் வெறும் கல்லைக் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்து, “இந்த நிலத்தில் உனக்கு என்ன கிடைக்கிறது?” என்று கேட்கச் சொன்னாராம். வந்திருப்பது யாரென்று தெரியாமல் அவன், “வலியும் நோவும்தான் கிடைக்கிறது, அதிலும் பத்திலொன்று பிசிஸ்ட்ரேட்டஸ் எடுத்துக்கொள்ளட்டும்” என்றான். அவனுக்கு வரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். கதை ஏதெனியர் அரசியலமைப்பைப் பற்றி அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் நூலில் இருக்கிறது. அந்த நூலே எகிப்தில் ஒரு பண்ணையின் வரவுசெலவுக் கணக்கு எழுதிய பாப்பிரஸின் பின்பக்கத்தில் கிடைத்தது, 1891-ல் அச்சானது. விவசாயி கதை அடைக்கலமாக வேறெங்கே போகும்!

ஆனால் அளவுகோலை வைத்துப் பாருங்கள். தகப்பன் நல்லவராக இருந்தார் என்பதைத் தவிர இங்கே வேறு பிடிமானம் எதுவும் இல்லை. 514-ல் ஒரு மகன் ஹிப்பார்க்கஸ் கொல்லப்பட்டதும் இன்னொரு மகன் ஹிப்பியாஸ் ஊரையே சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார். அவரை இறக்க உள்ளூர்க்காரர்களால் முடியவில்லை. எதிரிக் குடும்பம் டெல்ஃபி குறிசொல்லும் கோயிலைக் கையில் போட்டுக்கொண்டு, அதன் வாக்கை வைத்து ஸ்பார்ட்டாவின் படையைக் கூட்டி வந்த பிறகுதான் 510-ல் அவர் வெளியேறினார். கொரிந்திலும் இதே தடம்: கிப்சிலஸ், அவர் மகன் பெரியாண்டர், அவருக்கு அடுத்தவர், மொத்தம் சுமார் 73 ஆண்டு. பெரியாண்டருக்கு மிலேட்டஸ் நகரத்து ஆட்சியாளர் சொல்லி அனுப்பிய யோசனை பிரபலம்: தூதனை வயலுக்கு அழைத்துப்போய், மற்றவற்றைவிட உயர்ந்து நின்ற கதிர்களை மட்டும் ஒடித்துக் கீழே போட்டாராம். முதல் தலைமுறையில் ஓங்கி நின்ற பணக்காரனின் தலை உருண்டால் விவசாயிக்குக் கொண்டாட்டம். இரண்டாம் தலைமுறையில் தலை நிமிர்ந்த எவனும் உயர்ந்த கதிர்தான்.

மூன்றாவது, ஸ்பார்ட்டா. காகிதத்தில் பார்த்தால் எல்லாரையும் கட்டிப்போட்டிருக்கும் அழகான ஏற்பாடு இதுதான். ஒருவரை ஒருவர் கண்காணிக்க இரண்டு குலங்களிலிருந்து இரண்டு மன்னர்கள். அவர்களோடு அறுபது வயது தாண்டிய 28 பேர் கொண்ட முதியோர் மன்றம், ஆயுள் பதவி. மேலே எஃபோர்கள் என்ற ஐந்து மேற்பார்வையாளர்கள், ஓராண்டுக்கு மட்டும். மாதந்தோறும் மன்னர்கள் ‘சட்டப்படி ஆள்வோம்’ என்றும், எஃபோர்கள் ஊர் சார்பில் ‘நீங்கள் சத்தியம் காக்கும்வரை உங்கள் அரசை அசைக்க மாட்டோம்’ என்றும் மாறி மாறிச் சத்தியம் செய்துகொண்டார்கள். எஃபோர்கள் மன்னரையே விசாரணைக்கு இழுக்க முடியும். முதியோர் தேர்தல்தான் வேடிக்கை: வேட்பாளர்கள் ஒவ்வொருவராகக் கூட்டத்துக்குள் நடப்பார்கள், அடைத்த அறைக்குள் இருப்பவர்கள் யாருக்கு ஆரவாரம் அதிகம் என்று காதால் கணிப்பார்கள். அரிஸ்டாட்டில் இதைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இந்த ஏற்பாட்டை வியந்து எழுதியவர்கள் ஏராளம். அநேகமாக எல்லாரும் வெளியூர்க்காரர்கள், வசதியானவர்கள். நம் விவசாயி அங்கே பிறந்திருந்தால் பெரும்பாலும் ஹெலாட்டாகத்தான் இருந்திருப்பான். நிலத்தோடு கட்டுண்டு ஸ்பார்ட்டனுக்காக உழுதுபோடுகிறவன். எஃபோர்கள் ஆண்டுதோறும் பதவியேற்றதும் ஹெலாட்டுகள்மீது முறைப்படி போர் அறிவித்தார்கள், ஒரு ஹெலாட்டைக் கொன்றால் பாவம் ஒட்டாதிருக்க. குடிமகனாகவே பிறந்திருந்தாலும் நிம்மதி இல்லை. பொதுப்பந்தியில் தன் பங்குத் தானியத்தைக் கட்ட முடியாதவன் குடியுரிமையை இழந்தான். கீழே இறங்கும் படி இருந்தது, மேலே ஏறும் படி இல்லை. விளைவை எண்ணிக்கையே சொல்லும்: கி.மு. 480-ல் 8,000 ஸ்பார்ட்டன்கள் என்று ஹெரோடோட்டஸ் குறிக்கிறார். 371-ல் லூக்ட்ரா போர்க்களத்தில் நின்றவர்கள் 700 பேர், செத்தவர்கள் 400. அரிஸ்டாட்டில் காலத்தில் ஆயிரம்கூட இல்லை. ஆட்சி முறை அசையாமல் இருந்தது, ஆட்கள்தான் தீர்ந்துபோனார்கள்.

சோலன் உண்மையில் தேர்ந்தது நான்காவது வழி. கடன்களை ரத்து செய்தார், உடம்பை ஈடு வைத்துக் கடன் கொடுப்பதை அடியோடு தடுத்தார், விற்கப்பட்டவர்களில் முடிந்தவரை மீட்டு வந்தார். நிலத்தைப் பங்கு போடவில்லை. பதவிகளைப் பிறப்பிலிருந்து அவிழ்த்து விளைச்சலோடு முடிச்சுப் போட்டார். ஆண்டுக்கு 500 மெடிம்னோஸ் விளைகிறவன் முதல் வகுப்பு, 300 இரண்டாவது, 200 மூன்றாவது, அதற்குக் கீழே எல்லாரும் ‘தீட்டிஸ்’. ஒரு மெடிம்னோஸ் சுமார் 52 லிட்டர் கொள்ளும். தீட்டிஸுக்குப் பதவி கிடையாது. மக்கள் சபையில் உட்காரலாம், அதிகாரியின் தீர்ப்பை எதிர்த்து மக்கள் மன்றத்துக்குப் போகலாம். பின்னால் வந்த மக்களாட்சி முழுவதும் அந்த மேல்முறையீட்டின் வழியாகத்தான் உள்ளே நுழைந்தது என்பது என் எண்ணம். பதவியில் ஏற முடியாதவன் பதவியிலிருப்பவனைக் கேள்வி கேட்கும் இடம் முதன்முதலாக அங்கேதான் வந்தது.

இரு தரப்பும் அவரைத் திட்டின. நாய்க்கூட்டத்தின் நடுவே ஓநாய்போல் சுழன்று நின்றேன் என்று எழுதிவிட்டு, பத்தாண்டு ஊரைவிட்டே போனார். சட்டம் இருந்தது, அதைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. சில ஆண்டுகளுக்குள் இரண்டு முறை ஆர்க்கோனே இல்லாமல் ஆண்டு கழிந்தது. டமாசியஸ் என்பவர் ஓராண்டுப் பதவியில் இரண்டாண்டு இரண்டு மாதம் ஒட்டிக்கொண்டிருந்தார், கடைசியில் பலவந்தமாகத்தான் இறக்கினார்கள். திரெரோஸ்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

ஐந்தாவது வழியான மக்களாட்சி 594-ல் யார் மனதிலும் இல்லை. 508-ல் ஏதென்ஸின் பிரபுக்களில் ஒருவரான கிளிஸ்தனிஸ், போட்டியாளர் ஐசகோரஸிடம் தோற்கும் நிலையில், பொதுமக்களைத் தன் பக்கம் சேர்த்துக்கொண்டார். ஐசகோரஸ் ஸ்பார்ட்டா மன்னர் கிளியோமெனிஸைக் கூப்பிட்டார். அவர் வந்து 700 குடும்பங்களைத் துரத்திப் பேரவையைக் கலைக்கப் போக, ஊர் திரண்டு அவரை அக்ரோபோலிஸில் முற்றுகையிட்டது. மூன்றாம் நாள் சமாதானம் பேசி இறங்கிப் போனார். தலைவர் ஊரில் இல்லாமலே ஊர் செய்த காரியம் அது. திரும்பி வந்த கிளிஸ்தனிஸ் அட்டிகாவைப் புதிதாகப் பத்துப் பிரிவாக்கினார். ஒவ்வொன்றிலும் நகரம், கடற்கரை, உள்நாடு மூன்றிலும் ஒரு துண்டு. எந்தப் பெரிய வீடும் தன் வட்டாரத்தை முழுசாக இழுத்துக்கொண்டு போக முடியாதபடி கலந்துவிட்டார். பிரிவுக்கு 50 பேராக 500 பேர் பேரவை. முப்பது வயதாகியிருக்க வேண்டும். காலப்போக்கில், வாழ்நாளில் இரண்டு தடவைக்கு மேல் இல்லை என்ற வரம்பும் இருந்தது. 487-லிருந்து ஆர்க்கோனும் சீட்டுக் குலுக்கலில்.

குலுக்கல் என்றதும் நமக்கு உத்திரமேரூர்க் குடவோலை ஞாபகம் வரும். சாயல் இருக்கிறது, ஆனால் அங்கே நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்கள் பெயர்தான் குடத்துக்குள் போனது. ஏதென்ஸில் காலம் போகப்போக ஏழையின் பெயரும் போனது. வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது சிலர் ஆட்சிக்குரியது, குலுக்கல்தான் மக்களாட்சிக்குரியது என்பது கிரேக்கர்களின் பொதுக்கருத்து. தேர்தல் என்றால் பேர்பெற்றவன்தானே ஜெயிப்பான்! போர் நடத்தும் பத்துத் தளபதிகள் போன்ற சிலரை மட்டும் வாக்கெடுத்துத் தேர்ந்தார்கள்.

இறக்கும் கலையில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. பதவி ஏறுமுன் ஒரு விசாரணை, இறங்கும்போது வரவுசெலவுக் கணக்கும் நடத்தையும் தணிக்கை. தளபதிகள் சரியாக நடக்கிறார்களா என்று சபையில் ஆண்டுக்குப் பத்துத் தடவை கேள்வி. ஊரின் பெருந்தலைவர் பெரிக்ளிஸையே 430-ல் பதவியிலிருந்து இறக்கி அபராதம் போட்டார்கள், கோபம் ஆறியதும் மறுபடி ஏற்றினார்கள். குற்றமே சாட்டாமல் ஒருவரைப் பத்தாண்டு ஊரைவிட்டு அனுப்ப ஓட்டாஞ்சில்லு வாக்கெடுப்பு. 6,000 சில்லு விழ வேண்டும், போகிறவரின் சொத்து அப்படியே இருக்கும். இதிலும் கைவேலை உண்டு. அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் தளபதி தெமிஸ்டோக்ளிஸின் பெயரெழுதிய 190 சில்லுகள் கிடைத்தன. அவற்றை எழுதியவை வெறும் 14 கைகள். வருகிறவர்களுக்குக் கொடுக்க முன்கூட்டியே எழுதி வைத்த சரக்கு.

ஓட்டை வேறிடத்தில் இருந்தது. எல்லாரையும் இறக்கும் சபையை யார் இறக்குவது? 427-ல் கிளர்ச்சி செய்த மிட்டிலீனி நகரத்தின் ஆண்களை எல்லாம் கொல்லத் தீர்மானித்துக் கப்பல் அனுப்பினார்கள். மறுநாள் மனம் மாறி இரண்டாவது கப்பல். துடுப்புக்காரர்கள் ஒயினும் எண்ணெயும் பிசைந்த பார்லி மாவைத் தின்றபடியே வலித்துப்போய் மயிரிழையில் தடுத்தார்கள். 406-ல் அர்கினூசே கடற்போரில் ஜெயித்துவிட்டு, மூழ்கியவர்களை மீட்கவில்லை என்பதற்காகத் தளபதிகளைக் கூட்டாக விசாரித்து ஆறு பேரைக் கொன்றார்கள். தனித்தனி விசாரணை வேண்டும் என்ற சட்டத்தைச் சொல்லி மறுத்தவர்களில் அன்று பேரவை சார்பில் சபையை நடத்தும் பொறுப்பிலிருந்த சாக்ரடீஸும் ஒருவர். அந்த முறை இரண்டாவது கப்பல் கிடையாது.

இந்த மாதிரிக் கூத்துகளைக் காட்டித்தான் 411-ல் நானூற்றுவர் ஆட்சியைப் பிடித்தார்கள். நான்கு மாதம் தாங்கியது. 404-ல் ஸ்பார்ட்டாவோடு நடந்த பெலோபொனீசியப் போரில் தோற்றபின் அந்த ஸ்பார்ட்டாவின் ஆதரவோடு முப்பதின்மர் வந்தார்கள். எட்டு மாதத்தில் சுமார் 1,500 பேரைக் கொன்றார்கள்; குடியேறியிருந்த வெளியூர் வியாபாரிகளையும் அவர்கள் சொத்துக்காக விடவில்லை. மக்கள் சபை இருபத்தேழு ஆண்டுப் போரில் செய்த எல்லாத் தவறையும் சொல்லிக்காட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அதன்பின் பேச வாயில்லை.

ஆகவே எல்லாவற்றையும் ருசி பார்த்த பிறகு, 403-ல் ஏதெனியர்கள் உட்கார்ந்து ஒப்பிட்டது 594-ல் செய்ததைவிடத் தெளிவானது. ஃபோர்மிசியஸ் என்பவர் மேசையில் வைத்த திட்டம் நடுவழி போல் தோன்றும்: நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் குடியுரிமை. நிறைவேறியிருந்தால் சுமார் 5,000 பேர் வெளியே போயிருப்பார்கள். சபை நிராகரித்தது. பதிலாக ஓட்டையைக் கொஞ்சம் அடைத்தார்கள். எழுதாத சட்டத்தை எந்த அதிகாரியும் கையாளக்கூடாது. சபையின் தீர்மானம் சட்டத்தை மீறக்கூடாது. புதுச் சட்டத்தை உறுதி செய்ய, சத்தியம் செய்த நடுவர்களிலிருந்து தனிக்குழு. பழிவாங்கலுக்கும் தடை போட்டார்கள். ஏழை வேலையைவிட்டு வரவேண்டுமே என்று, சில ஆண்டுகளில் சபைக்கு வருவதற்கும் கூலி வந்தது. முதலில் ஓபோல் என்ற சிறு வெள்ளிக்காசு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு மூன்று.

என்னைக் கேட்டால், 594-ன் விவசாயிக்கு அடுத்த பத்தாண்டு மட்டும் முக்கியம் என்றால் பிசிஸ்ட்ரேட்டஸ் மாதிரி ஒருவர்தான் தோது. அவன் வம்சத்துக்கு 403-ன் ஏதென்ஸ்தான். ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு ஆண் குடிமகனின் கணக்கு. பெண்ணாகப் பிறந்து கேட்டிருந்தால் ஸ்பார்ட்டாவைச் சொல்லியிருப்பாள். அங்கே நிலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு பெண்கள் கையில் இருந்ததாக அரிஸ்டாட்டில் குறைப்பட்டுக்கொள்கிறார். லாரியம் வெள்ளிச் சுரங்கத்தில் தவழ்ந்த அடிமைக்கு மேலே நடப்பது எந்த ஆட்சி என்பது காதில்கூட விழுந்திருக்காது.

ஃபோர்மிசியஸ் திட்டம் அதோடு ஒழியவில்லை. கி.மு. 322-ல் மாசிடோனியத் தளபதி ஆன்டிபேட்டரிடம் தோற்றபின், 2,000 திரக்மா சொத்துள்ளவர்களுக்கு மட்டும் குடியுரிமை என்று ஆனது. அந்தக் கணக்கில் 9,000 பேர் தேறினார்கள். வெளியே தள்ளப்பட்டவர்களில் பலருக்குத் திரேஸில் நிலம் தருவதாகச் சொல்லப்பட்டது. துறைமுகத்துக்கு மேலே முனிக்கியா குன்றில் மாசிடோனியக் காவற்படை வந்து உட்கார்ந்தது.